மூன்றாம் வகுப்பும் அப்பா கையெழுத்தும்

பள்ளிக்கூடம் திறந்த மறுநாள் என் மகள் பெங்களூரிலிருந்து ஒரு தாளைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். பேத்தி மூன்றாம் வகுப்புக்குப் போயிருக்கிறாள். "மூன்றாம் வகுப்புப் பெற்றோர் கவனத்திற்கு" என்ற தலைப்பில் பதினெட்டு விதிகள். காலை எட்டு இருபதுக்குள் வந்துவிட வேண்டும். சீவிய பென்சில் இரண்டு கொண்டுவர வேண்டும். திங்கள்தோறும் நகம் பார்ப்பார்கள். வீட்டில் தினமும் இருபது நிமிடம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க வைக்க வேண்டும். டைரியில் அப்பாவோ அம்மாவோ தினம் கையெழுத்துப் போட வேண்டும். அடியில் மகள் எழுதியிருந்தாள்: "அப்பா, நீங்க வாத்தியாராத்தானே இருந்தீங்க, இது நியாயமா?"

உடனே பதில் சொல்ல முடியவில்லை. முப்பத்தேழு வருடம் தொடக்கப் பள்ளியில் இருந்தவன் நான். அதில் பாதிக்கு மேல் மூன்றாம் வகுப்பு. கையெழுத்து என்ற அந்தக் கடைசி விதியைப் பார்த்ததும் எனக்கு வேறு ஒரு ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

முதலில், ஏன் மூன்றாம் வகுப்பு? ஒன்றிலும் இரண்டிலும் பிள்ளை குழந்தைதான். சிலேட்டு, குச்சி, கோவை இலை, மூக்கைத் துடைக்க ஒரு டீச்சர். வீட்டிலும் அந்த வயதுக்குப் பெரிய வேலை கொடுக்க முடியாது. எட்டு வயதில் எல்லாம் மாறுகிறது. பள்ளியில் சிலேட்டு போய் நோட்டு வருகிறது, வாய்ப்பாடு நீளுகிறது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் நாலு கோடு நோட்டில் ஏ பி சி டி தொடங்குவதும் மூன்றில்தான். அதே எட்டு வயதில்தான் பிள்ளையின் கைக்கு வீட்டு வேலையும் வந்துவிடுகிறது. ஆடு பத்தலாம், தம்பியை இடுப்பில் தூக்கலாம், பருத்தி எடுக்கலாம், எங்கள் பக்கமென்றால் தீப்பெட்டி ஒட்டலாம். ஒரே ஜோடிக் கையைப் பள்ளிக்கூடமும் கேட்கிறது, வீடும் கேட்கிறது. மூன்றாம் வகுப்பில் பள்ளி வீட்டுக்குப் போட்ட விதிகளின் சரித்திரமே இந்த இழுபறிதான் என்பது என் எண்ணம்.

இது நேற்று வந்த இழுபறி அல்ல. 1822-ல் சென்னை கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணம் முழுவதும் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று கலெக்டர்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. அதில் பெண் பிள்ளைகள் 4,540 பேர்தான். திண்ணைப் பள்ளியைப் பற்றிப் பெருமை பேசும்போது இந்த எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். யாரெல்லாம் அந்தத் திண்ணையில் ஏறவே முடியாது என்பதையும் சேர்த்துத்தான்.

அந்தக் கணக்கெடுப்பில் பல்லாரி கலெக்டர் கேம்பெல் 1823-ல் எழுதி அனுப்பிய அறிக்கை புகழ்பெற்றது. அன்றைய பள்ளியின் அன்றாடத்தை அவர் கண்ணால் பார்த்தது போல எழுதியிருக்கிறார். காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவது வருகிறவன் கையில் ஒரு சுழி, பாராட்டும் இல்லை, தண்டனையும் இல்லை. மூன்றாவது வருகிறவனுக்கு மெல்ல ஒரு அடி. நாலாவதுக்கு இரண்டு. அப்படியே வரிசையாக ஏறிக்கொண்டே போகும். கடைசியில் வருகிறவன் பாடு என்ன என்று யோசித்துக்கொள்ளுங்கள்! கடைசியில் வருகிறவன் அநேகமாக வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறவனாகத்தான் இருப்பான்.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சட்டாம்பிள்ளை முறையை அதே அறிக்கையில் கேம்பெல் மெச்சுகிறார். எழும்பூரில் ராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகள் விடுதியை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தானும் அதை வைத்துக்கொண்டு, பிறகு இங்கிலாந்துக்குப் போய் 'மெட்ராஸ் முறை' என்று புத்தகம் போட்ட கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும்.

என்னை நிறுத்திய இடம் அந்த அறிக்கையில் வேறொன்று. பள்ளிகள் நலிந்து போவதற்கு அவர் காரணம் சொல்கிறார்: நெசவும் கைத்தொழிலும் சீமைத் துணியால் படுத்துவிட்டன, நடுத்தரக் குடும்பத்தாலும் ஏழைக் குடும்பத்தாலும் வாத்தியார் சம்பளம் கொடுக்க முடியவில்லை, பிள்ளையின் பிஞ்சுக் கால் கை கொஞ்சம் வேலைக்கு உதவும் என்றானதுமே அந்த வேலை வீட்டுக்குத் தேவைப்படுகிறது. இருநூறு வருடத்துக்கு முன்னால் வெள்ளைக்கார கலெக்டர் எழுதியது. நான் 1978-ல் ஒரு வீட்டு வாசலில் நின்று கற்றுக்கொண்டது.

என் தாத்தா திண்ணைப் பள்ளியில் படித்தவர். அவர் காலத்தில் குடும்பம் செய்ய வேண்டியதெல்லாம் வாத்தியாருக்குத் தானியம் அளப்பது, நல்ல நாளில் வெற்றிலை பாக்கோடு காசு வைப்பது, நவராத்திரிக்குப் பிள்ளைகள் கோலாட்டக் குச்சியோடு வீடு வீடாகப் பாடி வரும்போது கையை விரிக்காமல் இருப்பது. "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்கய்யா" என்று சொல்லித்தான் பிள்ளையை ஒப்படைப்பார்கள் என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அதாவது வீடு பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கையெழுத்துக் கேட்டிருந்தால் தாத்தாவின் அப்பா திகைத்துப் போயிருப்பார்.

நான் பிறந்த வருடம் 1953. அந்த ஜூனில்தான் ராஜாஜி அரசாங்கம் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் புதுத் திட்டம் கொண்டுவந்தது. ஐந்து மணிநேரப் பள்ளி மூன்று மணிநேரம் ஆனது. காலையில் ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம். மிச்ச நேரத்தில் பிள்ளை அப்பன் தொழிலைப் பழக வேண்டும், பெண் பிள்ளை அம்மாவுக்கு ஒத்தாசை. பள்ளியும் பத்தாது, வாத்தியாரும் பத்தாது, பணமும் இல்லை, இருக்கிற கட்டடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகளை உட்கார வைக்கலாம் என்பது அவர்கள் கணக்கு. கணக்கு தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் செருப்புத் தைப்பவர் மகன் எதைப் பழகுவான், சலவைத் தொழிலாளி மகள் எதைப் பழகுவாள் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. குலக்கல்வித் திட்டம் என்று பெயர் வைத்துத் தமிழ்நாடே எதிர்த்து நின்றது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். மே மாதம் திட்டம் போய்விட்டது.

என் பெரிய அக்கா அந்த ஒரு வருடம் மூன்றாம் வகுப்பு. காலைக் கூட்டம். பத்தரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்து, பிறந்து சில மாதமே ஆன என்னைத் தூக்கிக்கொள்வாள். அம்மா களையெடுக்கப் போய்விடுவாள். திட்டம் ரத்தாகி மறு ஜூனில் பள்ளி மறுபடியும் முழுநாள் ஆனபோது வீட்டில் யாரும் அக்காவை அனுப்பவில்லை. ஒரு வருடத்தில் அந்த மதிய நேரம் வீட்டுக்குச் சொந்தமாகிவிட்டது, திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான். அக்காவுக்கு இப்போது எண்பது வயது. பஸ்ஸின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டி வாசிப்பாள். நான் படித்ததற்கு அவள் கொடுத்த விலை அது என்பதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

நான் மூன்றாம் வகுப்புப் படித்தது 1961-ல். அந்தப் பள்ளியின் அன்றாடத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை, நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். தண்டவாளத் துண்டில் மணி. கொடி வணக்கம். வெள்ளிக்கிழமை பெண் பிள்ளைகள் சாணி கொண்டுவந்து தரை மெழுகுவது. பானையில் தண்ணீர் எடுத்து வைக்க முறைப் பிள்ளைகள். அந்த முறைப் பட்டியலில் சில தெருப் பிள்ளைகளின் பெயர் வராது, ஏன் வராது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. மதியம் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை. காமராஜர் 1956-ல் எட்டயபுரத்தில் தொடங்கி வைத்த மதிய உணவு எங்கள் பக்கத்தில்தான் முதலில் பரவியது என்பதில் எங்களுக்கு ஒரு கர்வம் உண்டு. சென்னை மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் 1920-லேயே அதைச் செய்து பார்த்தார் என்பது எனக்குப் பயிற்சிப் பள்ளியில் படிக்கும்போதுதான் தெரியும். எங்களுக்குக் கிடைத்தது சோறும் குழம்பும், கொஞ்ச காலத்தில் கேர் நிறுவனம் கொடுத்த பால் பவுடரும் மஞ்சள் மக்காச்சோள மாவு உப்புமாவும். அந்த உப்புமா வாசனை இப்போதும் மூக்கில் இருக்கிறது.

அந்தக் காலத்துப் பள்ளி வீட்டிடம் கேட்டது மிகக் கொஞ்சம். நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்து ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். ஊரே சேர்ந்து பெஞ்சு, கடிகாரம், தட்டு, சீருடைத் துணி என்று கொடுத்தது. கேட்டது ஊரிடம். தனித்தனியாக ஒவ்வொரு அப்பனையும் கூப்பிட்டு இதைச் செய், அதைச் செய் என்று சொன்னதில்லை. இந்த வித்தியாசம் எனக்கு அப்போது புரியவில்லை.

1974-ல் எனக்கு வேலை கிடைத்தது. நான்கு வருடம் கழித்து, சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே ஒரு கரிசல்காட்டு ஊரில் ஈராசிரியர் பள்ளிக்கு மாறுதல். தலைமையாசிரியர் ஒன்றும் இரண்டும் பார்த்துக்கொண்டு ஆபீஸ் வேலையும் பார்ப்பார். மூன்று, நான்கு, ஐந்து எனக்கு. வயது இருபத்தைந்து. மீசை முறுக்காத குறைதான். பயிற்சிப் பள்ளியில் கற்றதையெல்லாம் ஒரே வருடத்தில் நடத்திக்காட்ட வேண்டும் என்ற வேகம்.

அந்த வேகத்தில் நானே ஒரு விதி போட்டேன். மேலிடத்து உத்தரவு கிடையாது, இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. மூன்றாம் வகுப்பிலிருந்து வீட்டுப்பாட நோட்டு தனியாக. திங்கட்கிழமை காலையில் அதில் அப்பா கையெழுத்து இருக்க வேண்டும். 'வீடு பொறுப்பேற்க வேண்டும்' என்று கரும்பலகையில் எழுதியே வைத்தேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. கணக்கில் கெட்டி. பதினாறாம் வாய்ப்பாட்டை நான் சொல்லிக்கொடுக்காமலேயே ஐந்தாம் வகுப்புக்காரர்கள் ஒப்பிப்பதைக் கேட்டு மனப்பாடம் செய்திருந்தாள். அவள் நோட்டில் மூன்று திங்களாகக் கையெழுத்து இல்லை. வீட்டுப்பாடமும் பாதிதான், பக்கத்தில் பசைக் கறை வேறு. மூன்றாவது திங்கள் எழுப்பி நிறுத்தினேன். "உங்க அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா. இல்லேன்னா வராதே" என்றேன். அடிக்கவில்லை. அடிக்காததை அப்போது பெருமையாக நினைத்துக்கொண்டேன்.

அவள் மறுநாள் வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து, பள்ளி விட்டதும் விசாரித்துக்கொண்டு போனேன். ஓலை வேய்ந்த ஒற்றை வீடு. அம்மா வாசலில் உட்கார்ந்து அடிப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பசைக் கிண்ணம். பசியில் பிள்ளைகள் மாவுப் பசையை எடுத்துத் தின்றுவிடும் என்று அதில் மயில்துத்தம் கலப்பார்கள் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். நூற்று நாற்பத்து நான்கு பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ், அதற்கு இவ்வளவு பைசா என்று கணக்கு. இரவு சிம்னி விளக்கில் மகளும் சேர்ந்து ஒட்டுவாள். எனக்கு நோட்டில் கிடைத்த கறை அந்தக் கறை.

என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்தார்.

"பிள்ளை எங்கம்மா?"

"ஆபீசுக்குப் போயிருக்குங்கய்யா. கட்டை அடுக்க. விடியக்காலம் நாலரைக்கு வண்டி வருது."

தீப்பெட்டி ஆபீஸ். குச்சியைக் கட்டைச் சட்டத்தில் ஒவ்வொன்றாக அடுக்கும் வேலை. சின்ன விரல்தான் அதற்கு வேகமாக ஓடும்.

"ஏம்மா அனுப்பினீங்க? நல்லாப் படிக்கிற பிள்ளை."

"நீங்க கையெழுத்துக் கேட்டீகளாம். எங்க வீட்ல யாருக்குய்யா கையெழுத்துப் போடத் தெரியும்? அவரு ரேகைதான் வைப்பாரு. ரேகை வச்சா சார் எல்லாப் பிள்ளைக முன்னாலயும் காட்டிருவாருன்னு அழுதுக்கிட்டே கெடந்துச்சு. அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னீகளாம், அவரு ஒரு நாள் கூலிய விட்டுட்டு வரணும். சரி, அது தலையெழுத்துன்னு அனுப்பிட்டோம்."

கையெழுத்து வேண்டாம், நாளையிலிருந்து அனுப்புங்கள் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆபீஸில் முன்பணம் வாங்கியாயிற்று. அது கழிகிறவரை முடியாது. எவ்வளவு என்று கேட்டேன். சொன்னார். என் ஒரு மாதச் சம்பளத்தில் கால்வாசி. நான் கொடுத்திருக்கலாம். அந்த எண்ணம் வந்தது, வந்து போயிற்று. மாதக் கடைசி, வீட்டில் தங்கை கல்யாணப் பேச்சு என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். அந்தப் பிள்ளை பிறகு வரவில்லை.

மறுநாள் கரும்பலகையில் எழுதியிருந்ததை அழித்தேன். வீட்டுப்பாடத்தைக் கடைசி மணியில் வகுப்பிலேயே எழுத வைத்தேன். இது பெரிய சாதனை இல்லை, தாமதமான புத்தி.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது என்னைப் போன்ற சில வாத்தியார்கள் முணுமுணுத்தோம். படிப்புக்குப் பதில் சமையல் கணக்கா என்றோம். முட்டை வந்தது பின்னால். முதலில் சோறும் பருப்பும் காயும்தான். ஆனால் என் வருகைப் பதிவேட்டில் நடந்ததை நான் மறைக்க முடியாது. பிள்ளைகள் கூடினார்கள், அதிலும் மூன்றாம், நான்காம் வகுப்புப் பெண் பிள்ளைகள். காரணம் சோறு மட்டும் இல்லை. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட தம்பி தங்கைகளுக்கும் பால்வாடியில் சோறு, பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. எட்டு வயது அக்காவின் இடுப்பு காலியானது. என் அக்காவுக்கு இது கிடைத்திருந்தால் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

தீப்பெட்டி வண்டிகளும் மெல்லக் குறைந்தன. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு வேலையில் பதினான்கு வயதுக்குக் கீழே தடை என்றது. சட்டம் வந்த மறுநாளே வண்டி நின்றுவிடவில்லை என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் இருக்கும்போது, 2007-ல் செயல்வழிக் கற்றல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-ல் தொடங்கிப் பார்த்த முறை. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. ஏணிப் படி, அட்டைகள், சுவரின் அடியில் ஒவ்வொரு பிள்ளைக்கும் சின்னக் கரும்பலகை, தலைக்கு மேலே கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்த படங்கள். ஒரு வாரம் வராத பிள்ளை, விட்ட அட்டையிலிருந்து எடுத்துத் தொடரலாம். விட்ட பாடம் விட்டதுதான் என்ற பேச்சு இல்லை. முழங்கால் வலியோடு பாயில் உட்கார்ந்தது எனக்குச் சிரமம்தான். வகுப்பில் சத்தம் அதிகம் என்று இளம் ஆசிரியர்களே குறைப்பட்டார்கள். ஆனாலும் அந்த ஒரு விஷயத்துக்காக எனக்கு அந்த முறையைப் பிடித்திருந்தது. வராத பிள்ளை திரும்பி வர ஒரு வாசல் வைத்திருந்தது.

2010 ஏப்ரலில் கல்வி உரிமைச் சட்டம். அதிலும் பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னாலேயே, பக்கத்தில் பள்ளி வைப்பதும் கட்டணம் வாங்காமல் இருப்பதும் அரசின் கடமை என்று எழுதிவிட்டார்கள். அடிப்பதும் மனதை நோகடிப்பதும் கூடாது என்று இன்னொரு பிரிவு. மனதை நோகடிப்பது என்ற வார்த்தையைச் சுற்றறிக்கையில் வாசித்தபோது, பக்கத்தில் இருந்த ஆசிரியர் "இதுக்கெல்லாம் சட்டமா சார்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

2022-ல் மூன்றாம் வகுப்பு வரை எண்ணும் எழுத்தும் வந்தது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையைப் பார்த்துப் பாடம். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும் மறு வருடமே எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிக்கும் வந்துவிட்டது. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது எட்டரை மணிக்குப் பள்ளி வாசலில் பொங்கல் வாசனை. கடைசியில் வந்தவனுக்கும் ஒரு தட்டு இருந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. 2008-ல் அதே கரிசல்காட்டுப் பள்ளிக்கே தலைமையாசிரியராகப் போனேன். 2011-ல் ஓய்வு பெறும்போது பதிவேடுகளை ஒவ்வொன்றாக எண்ணி ஒப்படைத்தேன். பழைய சேர்க்கைப் பதிவேடு, தடித்த அட்டை, ஓரம் கரையான் அரித்தது. 1978-ம் வருடப் பக்கத்தில் அந்தப் பிள்ளையின் பெயருக்கு மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. நீக்கிய காரணம் என்ற கட்டத்தில் 'தொடர்ந்து வராமை' என்று எழுதியிருந்தது. என் கையெழுத்துதான். அதற்கு இரண்டு கட்டம் முன்னால், பிள்ளையைச் சேர்த்த அன்று அவள் அப்பா வைத்த இடது பெருவிரல் ரேகை, நீல மையில், இன்னும் அழியாமல் இருந்தது.

மகளுக்கு அன்று இரவு பதில் எழுதினேன். பதினெட்டு விதியில் பதினேழு பரவாயில்லை, கையெழுத்து விதியைப் பற்றி மட்டும், அந்த வகுப்பில் எல்லார் வீட்டிலும் கையெழுத்துப் போட ஆள் இருக்கிறதா என்று டீச்சரிடம் ஒரு வார்த்தை கேள் என்றேன். அவர்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் வேலை செய்யும் அம்மாவின் மகனும் அதே வகுப்பில் இருக்கிறானாம். கேட்பதாகச் சொல்லியிருக்கிறாள்.